முதல் ரயிலும் ஒரு வரிசைச் செருப்பும்

எங்கள் ஊருக்கு முதல் ரயில் வந்தபோது எனக்கு ஐந்து வயது. அந்த நாளைக் கட்டையிலும் களிமண்ணிலும் கந்தல் துணியிலும் திரும்பச் செய்து, ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் நிறுத்தியபோது பதினாறு. நடுவில் போன அத்தனை வருஷமும் என் அப்பா ரயிலில் ஏறவில்லை. ரயில் வேண்டாமென்றால் மாட்டு வண்டி இருக்கிறதே, அதிலும் அவர் திருநெல்வேலிப் பக்கம் போகவில்லை. நெல் விற்கவும் இல்லை, துணி எடுக்கவும் இல்லை, பாளையங்கோட்டைச் சபைக் கூட்டத்துக்கும் இல்லை. அந்தத் திசையில் தலை வைத்துப் படுக்கவும் மாட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்க் கரையில் இருந்த சின்ன ஊர் எங்களுடையது. அதில் கிறிஸ்தவர்கள் இருந்த வேதக்கோயில் தெரு ஒன்று. அங்கே சிரிப்பதற்கு வேறு விஷயம் கிடைக்காத நாளில் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள்.

முதல் ரயில் வந்த அன்று காலையில் ஸ்டேஷனில் தேர்க் கூட்டம். சிவன் கோயில் பட்டர் வந்து எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார். வேதக்காரர் நாங்கள் மட்டும் இளைத்தவர்களா? எங்கள் உபதேசியார் பெட்டி வாசலில் நின்று ஜெபம் பண்ணினார். நோவாவின் பேழையில் தொடங்கிய ஜெபம் செங்கடலைத் தாண்டுவதற்குள் கார்டு தன் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாராம். அன்று பாளையங்கோட்டையில் சபைக் கூட்டம். எங்கள் கோயில் ஆண்கள் எல்லோரும் அந்த வண்டியில் போக ஏற்பாடு. அப்பா அப்போது கோயில் கமிட்டித் தலைவர், ஆகையால் அவர்தான் முதலில் ஏற வேண்டும். ஆமென் சொன்னதும் அப்பா பெட்டியின் படியடியில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறினார். ஜெபம் பண்ணின இடத்துக்குள் செருப்புக் காலோடு நுழைவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. கோயிலுக்குள்ளும் அப்படித்தான், வீட்டுக்குள்ளும் அப்படித்தான்.

வண்டி கிளம்பியது. கால்வாய்ப் பாலம் தாண்டிய பிறகு அப்பா குனிந்து தன் காலைப் பார்த்திருக்கிறார். "ஐயோ, என் செருப்பு! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க வே!" என்று கத்தியிருக்கிறார். பெட்டியே சிரித்தது. திருநெல்வேலியில் இறங்கியதும் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் சொன்னார்: "ஏன் மாப்ள பதறுதீங்க? அடுத்த வண்டியில ஏத்தி அனுப்பிருவாவ. இங்கன இருந்து வாங்கிட்டுப் பைய வாங்க."

அப்பா நம்பிவிட்டார். கூட்டத்துக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டி சாயங்காலம்தான் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய், "எங்க ஊர் ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஜோடி செருப்பு வந்திருக்கா?" என்று கேட்டார். அப்போது திருநெல்வேலி ஜங்ஷன் முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் "அடுத்த வண்டி அண்ணாச்சி". மறு வருஷம் மாமா கமிட்டித் தலைவர் ஆனார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இந்த வயதிலும் கோபம் வருகிறது. ரயில் என்பதை அதற்கு முன்னால் யார் கண்டார்கள்? தபால் பை தானாகப் போகிறது, கருப்பட்டிச் சிப்பம் தானாகப் போகிறது, ஒரு ஜோடி செருப்பு போகாதா? ஆனால் என் கோபத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

நானும் அன்று அங்கே இருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குக் கூட்டத்தில் எஞ்சினும் தெரியாது, பட்டரும் தெரியாது. கால்கள் தெரியும், தரை தெரியும். வண்டி போன பிறகு அந்தத் தரையில் நான் பார்த்தது ஒரு ஜோடி செருப்பு இல்லை. வரிசையாகச் செருப்பு. பெட்டிக்குப் பெட்டி, வாசலுக்கு வாசல், கலியாண வீட்டு முற்றத்தில் கிடப்பதுபோலக் கிடந்தது. இதை ஒரு முறை நான் அடுக்களையில் வாய்விட்டுச் சொன்னபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். "பேசாம கெட. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" தெரிந்ததைச் சொன்னதற்குத்தான் கிள்ளு என்பது எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

ஊர்க் கதையை ஊர்க் கதையாகவே விட்டிருப்பேன். ஆனால் எனக்குப் பதினாறு வயதானபோது, ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், பாளையங்கோட்டையிலிருந்து வெள்ளைக்கார மிசியம்மா எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். என்னிடம் கணக்குக் கேட்டார், பூகோளம் கேட்டார், ஒரு சங்கீதத்தை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். "இவள் தை மாதம் பாளையங்கோட்டைக்கு வரட்டும். உபாத்தினிப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார். கூடவே ஒரு விதியும் சொன்னார். தகப்பனார்தான் நேரில் கொண்டுவந்து விட வேண்டும், தன் எதிரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ கூட்டி வந்தால் செல்லாது.

எனக்கு அந்தப் படிப்பு வேண்டும். அப்போதும் அதை ஒளிக்கவில்லை, இப்போதும் ஒளிக்க மாட்டேன். என் வயதுப் பிள்ளைகள் கலியாணத்துக்குக் கனவு கண்டார்கள், நான் கரும்பலகைக்குக் கண்டேன். அப்பாவுக்கும் நான் படிப்பதில் பெருமைதான். மிசியம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பாளையங்கோட்டை என்றதும் வாடியதையும் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "படிச்சது போதும்ட்டி" என்றார். நான் அழுதேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன், பாத்திரத்தை உருட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. திருநெல்வேலி ஸ்டேஷனைத் தாண்டாமல் பாளையங்கோட்டைக்குப் போக வேறு எத்தனையோ வழி உண்டு. ஆனால் அப்பாவுக்கு அந்தத் திசை முழுவதும் ஒரே ஸ்டேஷனாக, ஒரே சிரிப்பாக இருந்தது.

கார் அறுப்பு முடிந்ததும் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. முதல் கதிரும் வாழைத்தாரும் கோழியும் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் கைவேலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும். மற்றவர்கள் லேஸ் பின்னினார்கள். என் லேஸைப் பார்த்த வாத்தியாரம்மா, "இதை உவரிக்கு அனுப்பினா மீன் பிடிக்கலாம்" என்றிருந்தார். ஆகவே நான் ஒரு ரயில் செய்யப் போவதாகச் சொன்னேன். பொம்மை ரயில் இல்லை. எங்கள் ஊர் ஸ்டேஷன், முதல் ரயில் வந்த காலை, அன்று இருந்தபடி. வாத்தியாரம்மா வெளியூர்க்காரர், கதை தெரியாதவர். சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துப் பின் அறையைத் திறந்துகொடுத்தார்.

முதலில் எஞ்சினைச் செய்தேன். அதுதான் பிசகு. எஞ்சின் அழகாகத்தான் வந்தது, ஆனால் அதன் பக்கத்தில் ஸ்டேஷனை வைத்தால் கோழிக்கூடு போல இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கலைத்துவிட்டு, ஒரு மனிதன் என் சுண்டுவிரல் உயரம் என்று முதலில் வைத்துக்கொண்டேன். கதவு அவனைவிடக் கொஞ்சம் உயரம், பெட்டி அவனைப்போல் இரண்டு மடங்கு, வேப்பமரம் ஒரு முழம். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிற்று.

எஞ்சினின் கொதிகலனுக்குச் சின்ன மூங்கில் குழாய் வேண்டும். அப்பாவிடம்தான் கேட்டேன். "எதுக்குட்டி?" "பண்டிகைக் கைவேலைக்கு." அவர் வேறு கேள்வி கேட்காமல் தொழுவத்திலிருந்து மூங்கில் எடுத்துவந்து, கணு இல்லாத இடமாகப் பார்த்து, நான் காட்டிய நீளத்துக்கு அறுத்து, கை கிழிக்காமல் இருக்க விளிம்பை அரத்தால் ராவியும் கொடுத்தார். ரயிலுக்காக அறுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விளக்குப் புகையை ஆமணக்கெண்ணெயில் குழைத்து அந்த மூங்கிலுக்குப் பூசினேன். சக்கரங்களுக்குக் காய்ந்த புன்னைக் கொம்பை வட்டம் வட்டமாக நறுக்கினேன். தண்டவாளத்துக்குப் பனை ஈர்க்கு, அதன் அடியில் போடும் கட்டைகளுக்குத் தீக்குச்சி, ஜல்லிக்கு ஆற்றுக் குறுமணல். புகைக்கு இலவம் பஞ்சைக் கரியில் புரட்டி வைத்தேன். வயலை மட்டும் செய்யவில்லை, விதைத்தேன். பலகையின் ஓரத்தில் களிமண் பரப்பி நெல்லைத் தூவி ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் நிஜ நாற்றே நின்றது.

சிரமம் கையில் இல்லை, நினைவில் இருந்தது. இப்போதைய ஸ்டேஷனுக்கு ஓட்டுக் கூரை, அப்போது கோரை வேய்ந்த கொட்டகை. வாசல் வேப்பமரத்தை நடுவில் வெட்டிவிட்டார்கள். எஞ்சின் கிழக்கே பார்த்து நின்றதா, மேற்கே பார்த்தா? திருநெல்வேலிக்குப் போகும் வண்டி என்றால் கிழக்கே. அப்படியானால் காலை வெயில் எல்லோர் முகத்திலும் அடித்திருக்கும், பெண்கள் முந்தானையால் நெற்றியை மறைத்திருப்பார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அம்மா. மத்தியான வேலை முடிந்ததும் பின் அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். யார் வீட்டுப் பெண் என்ன கரை போட்ட சேலை கட்டியிருந்தாள் என்பது வரை அவளுக்கு நினைவிருந்தது. சுண்டுவிரல் மனிதர்களுக்கு வேட்டி கிழித்துக் கட்டினாள், உபதேசியாருக்கு நீளமான வெள்ளை அங்கி தைத்தாள், கார்டின் கையில் ஒரு பச்சை நூலைக் கொடியாகச் செருகினாள். வீட்டில் அதட்டலைத் தவிர அதிகம் பேசாத என் அம்மா அந்த அறையில் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

பெட்டிக்கு அன்று படிகள் இருந்தன என்று சொன்னதும் அவள்தான். "பிளாட்பாரம் தரையோட தரையால்லா கெடந்துச்சு. வீட்டுக்குள்ள ஏறுத மாதிரி படி ஏறித்தான் போணும்." சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். படிக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. தொடையில் இன்னும் அந்தக் கிள்ளு இருந்தது.

உபதேசியாரிடம் கேட்டுப் பார்த்தேன். அப்போது அவர் கிழவராகிவிட்டார், ஆனால் ஞாபகம் கெடவில்லை. எந்த வாசலில் நின்றார், எந்த வசனத்தை எடுத்தார், எல்லாம் சொன்னார். "அப்ப எல்லாரும் செருப்ப எங்க போட்டாவ ஐயா?" என்றேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. "நான் ஜெபத்துல கண்ண மூடியிருந்தேன் பிள்ள" என்றார்.

பண்டிகைக்குச் சில நாள் முன்னால் கமிட்டித் தலைவர் என்ற முறையில் மாமா கைவேலைகளைப் பார்க்க வந்தார். என் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெரிய மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "பலே! அச்சு அசல் அன்னிக்கு மாதிரியே இருக்குட்டி. ஆனா முக்கியமான ஒண்ண மறந்துட்டியே. படிக்குக் கீழ ஒரு ஜோடி செருப்பு எங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே தொடையைத் தட்டிக்கொண்டு போனார்.

அதுவரைக்கும் செருப்பை வைக்க எனக்குத் துணிவு வந்திருக்கவில்லை. வைத்தால் அப்பாவின் மனம் என்ன பாடுபடும் என்று பயந்தேன். மாமா போன அந்த நிமிஷமே பயம் போய்விட்டது. அன்று இருந்தபடி என்றால் அன்று இருந்தபடிதான். கிழிந்த தோல் பை ஒன்றை எடுத்து, நெல்மணிக்குக் கொஞ்சம் பெரிதாகச் செருப்புகள் வெட்டினேன். வார் என்று ஒரு நூலிழை. கண் வலித்தது, விரல் குத்துப்பட்டது, வெட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்து வயதில் பார்த்த அந்த வரிசை முழுவதையும் வாசலுக்கு வாசல் அடுக்கினேன். அம்மா பார்த்தாள். அன்று அவள் பாடவில்லை.

பண்டிகைக் காலையில் பலகையைக் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தின் முன் அறையில் தூக்கி வைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவது வாசலில் கிடந்த ஒரு ஜோடியின் வார், சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. நான் எதையும் சிவப்பு நூலால் தைக்கவில்லை.

ஆராதனை முடிந்து கூட்டம் உள்ளே வந்தது. முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள், தங்கள் தங்கள் சேலைக் கரையை அடையாளம் கண்டு கூவினார்கள். அப்புறம் அவர்கள் கண் படியடிக்குப் போயிற்று. கூவல் நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. வண்டி போன பிறகு அந்தச் செருப்புகளைப் பொறுக்கி ஓலைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தானே. அத்தனை பேருக்கும் தெரியும். தன் வீட்டுச் செருப்பை யார்தான் காட்டிக்கொடுப்பாள்?

ஆண்கள் வந்தார்கள். மாமா முன்னால், அப்பா எல்லோருக்கும் பின்னால். அப்பாவுக்கு அன்றுதான் அது ரயில் என்று தெரியும். வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாமா குனிந்து பார்த்தார். "என்னட்டி இது, செருப்புக் கடை விரிச்சிருக்க? அன்னிக்கு ஒரு ஜோடிதான கெடந்துச்சு!"

"இல்ல மாமா. நான் பாத்தேன்."

"அஞ்சு வயசுல நீ என்னத்தப் பாத்த?"

"தரையத்தான் பாத்தேன். எனக்கு அதுதான் எட்டுச்சு."

யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் கறுத்தது. "பெரியவங்க மத்தியில பொய் சொல்லக் கூடாது, எடு அத" என்று பலகைப் பக்கம் கையை நீட்டினார்.

அந்தக் கையைத் தடுத்தது என் அம்மா. அண்ணன் எதிரில் நிமிர்ந்துகூட நிற்காதவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சிவப்பு நூல் போட்ட அந்த ஜோடியை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஒன் செருப்புண்ணே. அதுக்கு முந்தின வாரம் வாரு அறுந்து, சிவப்பு நூலுதான் இருந்துச்சுன்னு நான்தான் தச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு ரெண்டு ஜோடி பொறுக்கிட்டு வந்தேன். ஒண்ணு அவியளோடது, ஒண்ணு ஒன்னோடது. ஒன்னோடத மதினிகிட்ட கொடுத்தேன்."

பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. உபதேசியார் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, பலகையை மூக்கால் தொடுவதுபோலக் குனிந்தார். "மூணாவது வாசல்ல அந்த ஓரத்துல கெடக்குத பெருசு என்னோடது. பெட்டிக்குள்ள காலு தெரியாம வேட்டிய இழுத்து விட்டுக்கிட்டேன். ஜெபத்துக்குக் கண்ண மூடினது உண்மைதான். ஆனா அப்புறமும் மூடிக்கிட்டே இருந்துட்டேன், ஆண்டவர் மன்னிக்கணும்" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "இது எங்க ஐயாவோடது." "ஏ, அந்தப் பழசு ஒன்னோடதுல்லா வே?" என்று ஒவ்வொருவராக விரலை நீட்டினார்கள். முதலில் ஏறியவர் அப்பா, எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறியவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அவர் "என் செருப்பு" என்று கத்தியபோது மற்றவர்கள் எல்லோரும் தங்கள் வெறுங்காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, முந்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். இறங்கியபோதும் அந்த நெரிசலில் அப்பாவின் கண் தன் வெறுங்காலை விட்டு நிமிரவில்லை. முதலில் சிரித்தவன் தப்பித்துக்கொள்வான் என்ற கணக்கு.

அப்பா இன்னும் வாசலில்தான் நின்றார். மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "தெரிஞ்சும் நீ சொல்லலியே" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணம்லா. சொன்னா ரெண்டு வீடும் முறிஞ்சிரும்னு பயந்தேன். சொல்லாமயும் முறிஞ்சுதான கெடக்கு" என்றாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா தலையைத் தொங்கப்போட்டிருந்தார். பெரிய மீசைக்காரரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பயந்துட்டேன் மாப்ள. என் காலப் பாத்துருவாவளோன்னு பயந்து ஒங்க காலக் காட்டிட்டேன். அப்புறம் எடுத்த வாய மூட வழி தெரியல" என்றார்.

அப்பா பைய நடந்து பலகைக்கு வந்தார். எஞ்சினை வெகுநேரம் பார்த்தார். மூங்கில் விளிம்பை விரலால் தடவினார். "இது நான் அறுத்ததுல்லா" என்றார். பிறகு முதல் வாசலில் நான் வைத்திருந்த அவருடைய ஜோடியை எடுத்து, கொஞ்சம் தள்ளி, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்கும்படி நேராக வைத்தார். "நான் எதையும் கோணலா வைக்க மாட்டேன்ட்டி, ஒனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமலே மாமாவிடம் கேட்டார்: "தை மாசம் பாளையங்கோட்டைக்குப் பிள்ளையக் கொண்டு விடணும். காலையில வண்டி எப்ப வருது மச்சான்?"

அன்று என் பலகையை ஏலத்தில் விடவில்லை. அது பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாற்று வளர்ந்து எஞ்சினை மறைக்கிற வரைக்கும் அம்மா தண்ணீர் ஊற்றினாள்.

தை பிறந்தது. ஸ்டேஷனுக்கு அப்பா, அம்மா, நான், தகரப் பெட்டி. கேட்காமலே மாமாவும் வந்திருந்தார், பாளையங்கோட்டை வரை கூட வருவதாகச் சொன்னார். அப்பா வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் போட்டு, புதுச் செருப்பும் வாங்கியிருந்தார். ஊர் பாதி எங்களை வழியனுப்ப வந்திருந்தது. வழியனுப்பவா, வேடிக்கை பார்க்கவா என்று நான் கேட்கவில்லை.

வண்டி வந்து நின்றது. உபதேசியார் ஜெபம் பண்ணினார், இந்த முறை சுருக்கமாக. அப்பா படியடியில் நின்றார். எல்லோர் கண்ணும் அவர் காலில். செருப்போடு ஏறிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், அதுதான் விவேகம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பைய செருப்பைக் கழற்றி, சேர்த்து வைத்து, வலது காலை எடுத்து வைத்து ஏறினார். ஜெபம் பண்ணின இடம். ஊர் சிரித்தால் அதற்காக வழக்கத்தை விடுகிற ஆள் இல்லை என் அப்பா. ஏறியபின் செருப்பை எடுக்கக் குனிந்தார்.

அதற்குள் மாமா குனிந்துவிட்டார். தன் செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்தார், அப்பாவின் செருப்பை மறு கையில் எடுத்தார். அவர் என் அம்மாவின் அண்ணன், கமிட்டித் தலைவர், யார் செருப்பையும் கையால் தொட்டிராதவர். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு ஜோடியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார்.

"வைங்க மச்சான், ஆளு பாக்குது" என்றார் அப்பா.

"பாக்கட்டும் வே" என்றார் மாமா.

நானும் ஏறி அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா நின்றாள், உபதேசியார் நின்றார், பெண்கள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். தரையில் ஒன்றுமே கிடக்கவில்லை.